தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு

எங்கள் சதுரங்கக் கூடத்தில் தேநீர் நன்றாக இருக்காது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டாக்சி ஓட்டுகிற கவாச்சி உங்களிடம் கட்டாயம் சொல்லியிருப்பார். பத்தொன்பது வருடமாக அதைத் திட்டிக்கொண்டே நாளுக்கு மூன்று கோப்பை குடிக்கிற மனிதர் அவர். உங்கள் காவல் நிலையத்துத் தேநீர் அதைவிட ஒரு படி மோசம், அகுட்சு சார். குறையாகச் சொல்லவில்லை. ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது என் தொழில், பழக்கம் விடவில்லை.

நீங்கள் கேட்பது அந்தப் பதினோரு நிமிடத்தைப் பற்றி. ஆட்டம் முடிந்தது இரண்டு இருபதுக்கு. ஆம்புலன்ஸுக்கு நான் போன் செய்தது இரண்டு முப்பத்தொன்றுக்கு. முதல் நேரம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், முடிவுச் சீட்டில் நானே எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் நேரம் எழுதாத சீட்டு செல்லாது. அது எங்கள் கூடத்து விதி. விதியை எழுதியவனும் நான்தான்.

பதினோரு நிமிடத்துக்கு வருகிறேன். அதற்கு முன் எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண் புரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்குக் கொடுமையாகத் தெரியும்.

எங்கள் கூடத்தில் நம் சதுரங்கமான ஷோகி ஆட வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தர எண் உண்டு. சமமானவரை வென்றால் பதினாறு புள்ளி ஏறும். தோற்றால் பதினாறு இறங்கும். தன்னைவிட மேலே இருப்பவரை வென்றால், இருபத்தைந்து புள்ளி வித்தியாசத்துக்கு ஒன்று வீதம் கூடுதலாகக் கிடைக்கும், முப்பத்தொன்று வரை. கீழே இருப்பவரை வென்றால் அதே கணக்கில் குறையும்; ரொம்பக் கீழே இருப்பவரை வென்றால் ஒரே ஒரு புள்ளி. ஒருவருக்கு ஏறுவது அத்தனையும் எதிரில் உட்கார்ந்தவரிடமிருந்து இறங்கியது. கூடத்துக்குள் புள்ளி தானாகப் பிறப்பதில்லை. யாரோ ஒருவர் சிறுத்தால்தான் இன்னொருவர் பெருக முடியும். உலகத்தில் இவ்வளவு நேர்மையான ஏற்பாடு வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

சுவரில் ஆணி வரிசைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவர் பெயரும் ஒரு மரக்கட்டையில் எழுதி, எண்ணுக்கு ஏற்ற வரிசையில் தொங்கும். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேலே இருப்பவர்கள் டான் வரிசை, அதாவது தேர்ந்தவர்கள் வரிசை. ஆயிரத்துக்குக் கீழே இருப்பது தரையோடு ஒட்டிய வரிசை. அங்கே பெரும்பாலும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள். வரிசை மாறினால் கட்டையை எடுத்து மாட்டுவது அவரவர் வேலை. ஏறினாலும் இறங்கினாலும் தன் கையால்தான் மாட்ட வேண்டும். கடைசி வரிசையில் மாட்டுவதென்றால் பெரியவர்கள் முட்டி போட்டாக வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தச் சிரமம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக ஒரு ஆணியில் இருப்பது என் கட்டை. நெமொதோ, இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து.

என்னைப் பற்றி நீங்கள் விசாரித்திருப்பீர்கள். தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதற்கான பயிற்சிக் களத்தில் கடைசிப் படியான மூன்றாம் டான் வரை போனேன். கடைசிச் சுற்றில் பதினெட்டு ஆட்டம். முதல் இரண்டு பேர் மட்டும் தேறுவார்கள். நான் பதின்மூன்று வென்றேன். இன்னொருவரும் பதின்மூன்றுதான். வெற்றி சமமானால், போன பருவத்துப் பட்டியலில் யார் பெயர் மேலே இருந்ததோ அவருக்கே இடம். அவர் பெயர் ஒன்பதாவது, என் பெயர் பதினொன்றாவது. எனக்கு இருபத்தாறு வயது முடிந்துவிட்டது. வயது முடிந்தால் வெளியேற வேண்டும், வெளியேறினேன். எனக்கு வருத்தமே இல்லை. பட்டியல் என்று ஒன்று இருந்தால் யாராவது கீழே இருக்கத்தான் வேண்டும். நான் அழுதேன் என்று அம்மா சொல்வாள். சளி.

தொகாஷிக்கு வருகிறேன்.

எழுபத்தொரு வயது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் மாடிப்படி ஏறி வந்தபோது கையில் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கிற நான்காம் டான் சான்றிதழைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். ஆட வருகிறவர்கள் விசிறி கொண்டுவருவார்கள், மூக்குக் கண்ணாடி கொண்டுவருவார்கள். சான்றிதழோடு வந்தவரை அன்றுதான் பார்த்தேன். சான்றிதழில் ஒரு வசதி, அது ஒருநாளும் இறங்காது. வாங்கியவர் கை நடுங்கினாலும் கண் மங்கினாலும் அது நான்காம் டான்தான். எங்கள் கூடத்தில் ஆடிப் பார்த்ததில் ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது. டான் வரிசையின் கடைசி ஆணி.

"எண் கெடக்கட்டும் தம்பி. உட்கார்றதுக்கு நல்ல எடமா குடுங்க" என்றார்.

ஜன்னலோர இடம் கேட்டார், கொடுத்தேன். எல்லாரும் தன்னை சென்செய் என்று அழைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். ஆசிரியர்களை அப்படித்தானே அழைப்போம், அழைத்தோம். ஆட்டத்துக்கு முன்னால் ஒரு உரை, பின்னால் ஒரு உரை. ஒவ்வொரு காயையும் பட்டமளிப்பு விழாவில் முத்திரை குத்துவது போல அழுத்தி வைப்பார். தோற்றால், "ஒரு சோதனை பண்ணிப் பார்த்தேன்" என்பார். மூன்று வருடத்தில் அவர் செய்த சோதனைகளுக்கு ஒரு ஆய்வுக்கூடமே கட்டியிருக்கலாம். வருடாவருடம் நவம்பர் மூன்றாம் தேதி, விடுமுறை நாளில், அவருடைய பழைய மாணவர்கள் வருவார்கள். எல்லாம் ஐம்பது வயது ஆட்கள். சென்செய் டான் வரிசைக்குக் கீழே நின்று தன் கட்டையை விரலால் சுட்டிக் காட்டுவார். சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போவார்கள். அவருடைய வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நாள். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லவில்லை.

ஜூன் பதினைந்தாம் தேதியிலிருந்து அவரைப் புதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தேன்.

பக்கத்துத் தெருவில் சிறுவர்களுக்கு ஷோகி வகுப்பு திறந்திருந்தார்கள். அங்கே ஒரு வருடம் தேறிய பிள்ளைகள் எங்களிடம் வரத் தொடங்கினார்கள். அந்த வயதில் மூளை பசியோடு இருக்கும். வீட்டில் கணினியோடு நூறு ஆட்டம் ஆடிவிட்டு வருவார்கள். உண்மையான பலம் ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு இருக்கும். ஆனால் எங்கள் விதிப்படி புதிதாக வருகிற பிள்ளைக்கு எண் அறுநூறு. தொகாஷி அவர்களை வென்றால் அவருக்கு ஒரு புள்ளி. தோற்றால் முப்பத்தொன்று போகும். ஒரு தோல்வியை ஈடுகட்ட முப்பத்தொரு வெற்றி வேண்டும். இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. கணக்கு அப்படி.

கவாச்சிக்கு முதலில் புரிந்தது. டாக்சிக்காரர்களுக்கு மீட்டர் பற்றி ஒரு உணர்வு உண்டு.

"ஏம்ப்பா நெமொதோ, மத்த கூடத்துல புதுசா வர்ற பசங்கள ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துட்டு எண் குடுப்பாங்க. இங்க என்ன, எல்லாப் பயலுக்கும் அறுநூறா?"

"விதி அது."

"யாரு போட்ட விதி?"

"இந்தக் கூடத்து விதி."

"அதான் கேக்குறேன், யாரு போட்டது?" என்று சொல்லிச் சிரித்துவிட்டு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றிக்கொண்டார். அவரும் ரசித்தார், சார். எல்லாரும்தான் ரசித்தார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஜூலையில் தொகாஷியின் கட்டை டான் வரிசையிலிருந்து இறங்கியபோது கூடத்தில் ஒரு வகை அமைதி இருந்தது. எதிர் வீட்டில் சண்டை நடக்கும்போது நம் வீட்டில் இருக்குமே, அந்த அமைதி.

"சென்செய், வீட்டுப்பாடம் எழுதிட்டு வந்தீங்களா இன்னிக்கு?" என்று கவாச்சி கேட்பார்.

"சிரிங்க, சிரிங்க. பிள்ளைங்களுக்கு நம்பிக்கை வரணும்னு விட்டுக் குடுக்குறேன்."

"எங்க, அந்த மூணாங்கிளாஸ் பொடியன் ராஜாவோட கழுத்தப் புடிச்சானே, அதுவும் விட்டுக் குடுத்ததா?"

ஒருநாள் ஒரு பையன், வென்றுவிட்டுக் காய்களை அடுக்கும்போது, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டான்: "தாத்தா, நீங்க நெஜம்மாவே ஹெட்மாஸ்டரா?"

தொகாஷி காய்ப் பெட்டியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். அன்று ஆட்டத்துக்குப் பிந்தைய உரையும் இல்லை. அந்த மாதத்திலிருந்து உரைகள் நின்றுபோயின. கூடம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

செப்டம்பர் முடிவில், யாரும் இல்லாத ஒரு மதியம், அவர் என் மேசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். நாற்பது வருடம் பள்ளி மைதானத்தில் பேசிய குரல், தாழ்த்தினாலும் பாதிதான் தாழும்.

"தம்பி, ஒரு ரெண்டு வாரம் என்னைப் பெரியவங்களோட உக்கார வைங்களேன். நவம்பர் மூணு வருது. பசங்க வருவாங்க. டான் வரிசை வேண்டாம். நடுவுல எங்கயாவது இருந்தா போதும். கீழ் வரிசை மட்டும்…"

"எண்ணப் பாத்துத்தான் ஜோடி போடுறேன், சென்செய்."

"அது சரி. நான் அதுக்குச் சொல்லல."

"இல்லன்னா பிள்ளைங்களுக்கு ரெண்டு பெரிய காயக் குறைச்சுக்கிட்டு ஆடுங்க. ஆனா அது கணக்குல சேராது."

"கணக்குல சேரணும் தம்பி" என்றார். "அதுக்குத்தானே வர்றேன்."

எண்ணைப் பார்த்து ஜோடி போட்டிருந்தால் அவரை அறுநூறோடு உட்கார வைத்திருக்கவே கூடாது என்று நீங்கள் நேற்றுச் சுட்டிக்காட்டினீர்கள். உண்மை. அந்த இடத்தில் நான் சொன்னது பொய். ஆனால் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். ஜோடி சேர்ப்பது நிர்வாகியின் முடிவு என்று ஆறாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது.

அவர் கூடத்தை விட்டுப் போயிருக்கலாம். யாரும் கட்டிப்போடவில்லை. பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள், ஏன் போகவில்லை என்று. எண் இறங்கிய நிலையில் யாராலும் போக முடியாது, சார். ஏறிய பிறகு போகலாம் என்று உட்கார்ந்திருப்பார்கள். எனக்குத் தெரியும்.

இதயத்தைப் பற்றி: அவருக்கு இதயக் கோளாறு என்று கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். வாயில் நாக்குக்கு அடியில் அடிக்கிற மருந்து, கட்டைவிரல் அளவுக் குப்பி. வந்தவுடன் அதை என் மேசைமேல் வைத்துவிடுவார். "நமக்கு ஏதாச்சும்னா நீங்க எடுத்துக் குடுங்க தம்பி, என் பையில தேடிக்கிட்டு இருக்க முடியாது" என்று சொல்லியிருந்தார். மேசையில் அதற்கு ஒரு இடமே ஒதுக்கியிருந்தேன். முத்திரைக்கும் முடிவுச் சீட்டுக் கட்டுக்கும் நடுவில். தினமும் அங்கேதான் இருக்கும்.

அக்டோபர் இருபத்து நான்கு, சனிக்கிழமை. தெருவில் திருவிழாத் தேர் வருகிற நாள். மேளச் சத்தம் கேட்டதும் கூடமே காலியாகிக் கீழே இறங்கிவிட்டது. கவாச்சி தேநீர்க் கோப்பையோடே இறங்கினார். மேலே மூன்று பேர்தான். நான், தொகாஷி, சினாமி என்கிற இரண்டாம் வகுப்புப் பெண். அவர்களுக்குக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததால் எழுந்து போகவில்லை. அவர் எண் ஆயிரத்து நான்கு. அவளுடையது அறுநூற்று நாற்பது. தோற்றால் முப்பது போகும். நடு வரிசையின் கடைசி ஆணியில் நான்கு புள்ளியில் தொங்கிக்கொண்டிருந்தார்.

அவருக்கு நேரம் தீர்ந்து, ஒரு நகர்வுக்கு ஒரு நிமிடம் என்ற கட்டத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வினாடியை உரக்கச் சொல்வது என் வேலை. உட்கார்ந்தேன்.

அவர் பலகையைப் பார்க்கவில்லை. இடது கை சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்தது. நெற்றியில் வேர்வை.

"முப்பது வினாடி" என்றேன்.

அவர் வலது கையை நீட்டினார். காய் எடுக்க என்று முதலில் நினைத்தேன் என்று எழுதச் சொன்னால் எழுதிக் கொடுக்கிறேன், ஆனால் அது உண்மையில்லை. கை பலகைப் பக்கம் போகவில்லை. என் மேசைப் பக்கம் நீண்டது.

"மாமா, தாத்தா மூஞ்சி வெளுத்துப் போச்சு" என்றாள் சினாமி.

"பேசாத கண்ணு. அவரோட நேரம் ஓடுது."

"தம்பி" என்றார் தொகாஷி.

"நாற்பது வினாடி."

"மாமா, அவரு எதையோ கேக்குறாரு."

ஆட்டம் நடக்கும்போது வெளியாள் ஆட்டக்காரருக்கு எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. கைக்குட்டைகூட. மூன்றாம் பக்கம்.

"ஐம்பது. ஒன்று. இரண்டு. மூன்று."

சரியாகத்தான் எண்ணினேன். வேகப்படுத்தவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அந்த நிதானத்துக்காகவே என் எண்ணிக்கையைப் பல பேர் பாராட்டியிருக்கிறார்கள். எட்டு வரும்போது அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் உரை எதுவும் இல்லை. ஒன்பதில் தலை பலகைமேல் சாய்ந்தது, காய்கள் சிதறின. பத்து என்றேன். கடிகாரம் நீளமாகக் கத்தியது. இரண்டு இருபது.

சினாமி சிதறிய காய்களில் ஒன்றை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்தாள். பிறகு, "நான் ஜெயிச்சிட்டேனா?" என்று கேட்டாள்.

"ஜெயிச்சிட்ட."

"தோத்தவங்க 'தோத்துட்டேன்'னு சொல்லிக் கும்புடணும்ல? தாத்தா சொல்லலையே."

"நேரம் முடிஞ்சி தோத்தா சொல்லத் தேவையில்ல. எதிராளி நேரம் முடிஞ்சா ஆட்டம் நமக்கு."

இனிப்பு ஒன்று கொடுத்து, தாத்தா தூங்குகிறார், நீ போய்த் தேர் பார் என்று கீழே அனுப்பினேன். நல்ல பெண். செருப்பை ஒழுங்காக மாட்டிக்கொண்டு போனாள்.

அப்புறம் அந்தப் பதினோரு நிமிடம். ஒளிக்க ஒன்றும் இல்லை. முடிவுச் சீட்டு எழுதினேன். ஆயிரத்து நான்கில் முப்பது போனால் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு. பேரேட்டில் ஏற்றினேன். சினாமிக்கு அறுநூற்று எழுபது. இரண்டு முறை சரிபார்த்தேன். அவருக்கு அப்போது மூச்சு இருந்தது, சத்தம் கேட்டது. வரிசை மாறினால் கட்டையை அவரவரே மாட்ட வேண்டும், ஆனால் அவர் அந்த நிலையில் இல்லை. அதனால் நானே நடு வரிசையிலிருந்து கட்டையை எடுத்து, முட்டி போட்டு, கீழ் வரிசையில் மாட்டினேன். பிள்ளைகளின் கட்டைகள் நெருக்கமாக இருந்தன, கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. கோணலாகத் தொங்கியதை நேராக்கினேன். எழுந்தபோது சத்தம் நின்றிருந்தது. போன் செய்தேன். குப்பி மேசையில் அதன் இடத்திலேயே இருந்தது. நீங்கள் படம் எடுத்திருக்கிறீர்கள்.

ஆக, நான்தான். காப்பாற்றியிருக்க முடியும், காப்பாற்றவில்லை. நான்கு மாதமாக அதற்குத்தான் அவரை ஆணி ஆணியாக இறக்கினேனா என்று கேட்டால், ஆமாம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். இறக்கி எங்கே நிறுத்துவது என்று நான் யோசித்ததே இல்லை.

காரணம் கேட்டீர்கள். நியாயம், சார். தன் எண்ணைவிடப் பெரிதாக உட்கார்ந்திருந்தார். எண் அவரை அவருடைய இடத்துக்குக் கொண்டுபோனது. நான் வினாடி எண்ணினேன், அவ்வளவுதான். சொந்த விரோதம் எதுவும் கிடையாது.

நீங்கள் இப்போது மேசைமேல் வைக்கிற இந்த நோட்டு அவருடையது என்று தெரிகிறது. ஆடிய ஆட்டத்தையெல்லாம் வீட்டுக்குப் போய் எழுதிவைப்பார் என்று சொல்வார். ஜூன் பதினான்கு. ஆமாம், பிள்ளைகளோடு உட்கார வைக்கத் தொடங்கியதற்கு முந்தின நாள். அன்று அடைமழை, யாரும் வரவில்லை. ஒரு ஆட்டம் ஆடலாமா என்று கேட்டார். பத்தொன்பது வருடமாக நான் கணக்கில் சேரும் ஆட்டம் ஆடுவதில்லை. கணக்கில் சேராது என்றால் ஆடுகிறேன் என்றேன். காய் எதுவும் குறைக்காமல் சமமாகவே தொடங்கினோம். அவர் நகர்த்திய விதத்தைப் பார்த்தால் நாற்பது நகர்வில் நான் வென்று முடித்திருக்க வேண்டும்.

எதிராளியிடம் வெட்டிய காயை நம் காயாகப் பலகையில் வைக்கலாம் இல்லையா, அப்படி நாற்பத்தொன்றாம் நகர்வில் நான் ஒரு சிப்பாயை வைத்தேன். அதே நெடுவரிசையில் என் சிப்பாய் ஒன்று ஏற்கெனவே இருந்தது. இரட்டைச் சிப்பாய். ஒரே நெடுவரிசையில் இரண்டாவதை வைத்தால் வைத்த கணமே தோல்வி. இதை சினாமிகூட செய்ய மாட்டாள். பத்தொன்பது வருடம் காயைத் தொடாமல் இருந்தால் கை மறந்துவிடுகிறது.

அவர் பார்த்துவிட்டார். அவர் வாயிலிருந்து ஒரு உரை வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் இன்று அவர் உயிரோடு இருப்பார் என்று நினைக்கிறேன். அவர் அந்தச் சிப்பாயை மெதுவாக எடுத்து என் பக்கம் வைத்துவிட்டு, "நான் பாக்கல தம்பி. வேற எடத்துல வைங்க. மழை விடுற வரைக்கும் ஆடலாம்" என்றார்.

நான் காய்களை அள்ளிப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன்.

படித்துக் காட்ட வேண்டாம், எனக்கே தெரிகிறது. 'நெமொதோவுடன் ஆட்டம். 41-ல் இரட்டைச் சிப்பாய். திருப்பி எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை. பாவம், யாரிடமும் சொல்லக் கூடாது.' கீழே, முடிவு என்ற இடத்தில் அவர் ஒன்றும் எழுதவில்லை, பாருங்கள். காலியாக விட்டிருக்கிறார். நீங்கள் அதைத் தோல்வி என்கிறீர்கள். நான் 'தோத்துட்டேன்' என்று சொல்லவில்லை, தலை குனியவும் இல்லை. ஆகவே அந்த ஆட்டம் ஜூன் பதினான்கோடு முடியவில்லை. அது அக்டோபர் இருபத்து நான்கு, இரண்டு இருபது வரை நடந்தது. எதிராளியின் நேரம் முடிந்துவிட்டது, அகுட்சு சார். விதிப்படி ஆட்டம் எனக்கு. அந்தக் காலி இடத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.